சோளம் விதைக்காத ஓரம்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். விவசாய இலாகாவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளை. வந்ததும் வராததுமாக ஒரு குறை சொன்னார். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கும் மேட்டு நிலங்களில் தீவனத்துக்காகச் சோளத்தோடு தட்டைப்பயறு, நரிப்பயறு, கொள்ளு எல்லாம் கலந்து விதைக்கிறார்கள். அது சரிதான். ஆனால் வரப்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு பட்டை நிலத்தில் சோளமே போடுவதில்லை, பயறுக் கொடிகளை மட்டும் படர விட்டுவிடுகிறார்கள். காரணம் கேட்டால் "அது சாமிக்கு" என்கிறார்களாம். "மூடநம்பிக்கை சார். பேசிப் பேசி ரெண்டு பேரை மாத்திட்டேன். இந்த வருஷம் ஓரத்திலயும் சோளம் போட்டிருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிடக் கூடாது என்று காபியைக் குடிக்கச் சொல்லிவிட்டு அந்த ஓரத்தின் கதையைச் சொன்னேன். உங்கள் எல்லாருக்கும் அதை எழுதிக் கொடுக்கும்படி அவர்தான் கேட்டுக்கொண்டார். விதை அளவு, உழவு, இடைவெளி எல்லாம் உங்களுக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சி, யுத்த காலம். நான் அப்போது விவசாய இலாகாவில் டெமான்ஸ்டிரேட்டர், அதாவது புது விதைகளை ஊர்களில் விதைத்துக் காட்டுகிறவன். அந்தப் பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. சைக்கிளில் விதை மூட்டையோடு வருவதைப் பார்த்து "வெதக்காரரு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அரசாங்கம் கொடுத்த பெயரைவிட அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நாளில் மனிதனுக்கு அரிசி கிடைக்காதது போலவே மாட்டுக்கு வைக்கோலும் கிடைக்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் விளைந்த வைக்கோல் வண்டி வண்டியாகப் பட்டாளத்து முகாம்களுக்கும் பட்டணத்து மாட்டுக் கொட்டகைகளுக்கும் போய்விடும். ஏரித் தண்ணீர் ஏறாத மேட்டு ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மாடு வைத்திருக்கிறவன் தன் நிலத்தில் ஒரு பகுதியை மாட்டுக்கென்றே ஒதுக்கி, தானியமும் பயறுமாகக் கலந்து விதைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது என் வேலை. கேழ்வரகு போடுகிற மண்ணில் மாட்டுக்கு விதைக்கச் சொல்கிறேன் என்று என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

ஆவடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் செல்லம்மாள் மட்டும் சரி என்றாள். அவள் புருஷன் முகாமில் கட்டட வேலைக்குப் போய்விட்டு எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவான். நிலத்தையும் இரண்டு பசுக்களையும் பார்த்துக்கொண்டது அவள்தான். ஒன்று செவலை, இன்னொன்று மயிலை. செவலை சினையாக இருந்தது. புருஷனுடைய அண்ணன் ஏகாம்பரம் பக்கத்து வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் எதற்கும் கடைசி வார்த்தை அவருடையது. அவருக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை.

"தீனி இல்லாம அதுங்க எலும்பும் தோலுமா நிக்கறத பாக்கறதுக்கு இப்பவே வித்துடலாம்" என்றார். "பூந்தமல்லி தரகன் வந்து கேட்டுகினே கீறான்."

"அடிமாட்டுக்குத்தான மாமா கேக்கறான்?" என்றாள் செல்லம்மாள். "செவல வயித்துல கன்னு கீது."

"நானா இல்லேன்னேன்?"

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். என் விதையை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது. தீவனம் கைக்கு வராமல் போனால் மாடுகள் தரகனோடு போகும். அதற்குப் பிறகு அவள் குறுக்கே பேசக் கூடாது. செல்லம்மாள் தலையை ஆட்டினாள். நான் விதை மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மூட்டை அத்தனை கனமாக எனக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை.

புரட்டாசியில் விதைத்தோம். முதல் மழையில் எல்லாம் முளைத்தன. ஐப்பசி மழையை நம்பி எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள், அது வரவில்லை. கார்த்திகையில் சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. இலைகள் வெற்றிலைச் சுருள் போலச் சுருண்டுகொண்டன. அந்தச் சமயத்தில் அந்த நிலத்தில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை.

மேலே சோளம் செத்த மாதிரி நிற்கிறது. குனிந்து அதன் தாள்களை விலக்கிப் பார்த்தால் கீழே பச்சை. தட்டைப்பயறு சோளத்தின் காலைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறது, நரிப்பயறு தரையோடு தரையாக ஓடியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் கொள்ளு. சோளம் கொடுத்த கொஞ்சநஞ்ச நிழலில் பயறு மண்ணை மூடியிருந்தது, அந்த மூடாக்கில் மண் கொஞ்சம் ஈரம் வைத்திருந்தது. பக்கத்து நிலத்தில் தனியாகப் போட்டிருந்த கேழ்வரகு கருகிப் போயிருந்தது. அதே மண், அதே வானம். காலையில் கொள்ளு இலை மேல் பனி முத்து முத்தாக நிற்கும். இந்தச் செடி மழையைக் கேட்கவே இல்லை, பனியைக் குடித்தே உயிரோடு இருக்கிறது என்று நினைத்தபோது அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். விதைத்தவன் நான்தான். ஆனால் அங்கே நடந்துகொண்டிருந்ததில் என் பங்கு எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செல்லம்மாள் தினமும் கூடையோடு போய்ப் பயறுக் கொடியை மட்டும் கிள்ளி வந்து மாடுகளுக்குப் போடுவாள். சோளத்தைத் தொட மாட்டாள். தண்ணீரில்லாமல் குன்றிப்போன இளஞ்சோளத்தில் விஷம் ஏறும், தின்ற மாடு துடித்து விழும். அது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. என் மேலதிகாரி ஒருவர் (பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது) அதற்கு மேல் ஒன்று சொல்லியிருந்தார். "வாடின சோளத்துக்குப் பயப்படு. அது ஒரு தூறல் கண்டு மறுபடி துளிர்த்தா இன்னும் அதிகமா பயப்படு. மாட்டுக்கு அதைப் பார்த்தா ஆசை வரும்." பூத்து முற்றும் வரை சோளத்தை அறுப்பதில்லை என்று நானும் செல்லம்மாளும் முடிவு செய்திருந்தோம். அதுவரை பயறு தாங்கும்.

கார்த்திகைக் கடைசியில் அந்தத் தூறல் வந்தது.

இரண்டு மூன்று நாளில் சோளத்தின் அடியிலிருந்து பளபளவென்று இளந்துளிர் கிளம்பிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் அத்தனை பச்சை வேறு எங்கும் இல்லை. அன்று காலை நான் பயிரைப் பார்க்கப் போனபோது வரப்பு மேல் ஒரு கூட்டம் கைகூப்பிக்கொண்டு நின்றது. நிலத்துக்குள் கோயில் காளை நின்றது.

கங்கையம்மனுக்கு நேர்ந்து விட்ட வெள்ளைக் காளை அது. உள்பக்கமாக வளைந்த ஒரு கொம்பு, கழுத்தில் மணி, மூக்கில் கயிறு கிடையாது. யார் நிலத்திலும் இறங்கலாம், எதையும் மேயலாம். அதை ஓட்டுவது கிடக்கட்டும், அதைப் பார்த்து அதட்டிப் பேசிய ஆள்கூட அந்த ஊரில் இல்லை. அது வாய் வைத்த நிலத்துக்காரன் கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல காலத்தில் மலை மாதிரி இருந்த மாடு அந்த வருஷம் விலா எலும்பு தெரிய நின்றது.

நல்ல வேளையாக அது இறங்கிய மூலையில் சோளம் சரியாக முளைக்காமல் தட்டைப்பயறு மட்டும் மெத்தை மாதிரி படர்ந்து கிடந்தது. காளை அதைத்தான் வாய் நிறைய இழுத்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் ஓர் அடி உள்ளே போனது. உள்ளே அந்தத் துளிர்.

செல்லம்மாள் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சாமி மாடு தன் நிலத்தில் விழுந்து செத்தால் என்ன ஆகும் என்று அவள் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. பசுக்கள் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஊரில் அவளால் அதற்குப் பிறகு தலைநிமிர்ந்து குடியிருக்க முடியாது. ஏகாம்பரமும் கூட்டத்தில்தான் இருந்தார். அவருக்கும் விஷயம் புரிந்திருந்தது. என் பக்கமாக வந்து மெதுவாகச் சொன்னார்.

"கை கிய் வெச்சிடாதீங்க ஐயா. ஊரு சும்மா உடாது."

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நின்று யோசியுங்கள். "விஷம், விரட்டுங்கள்" என்று கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால், தூறல் கண்டு துளிர்த்த பச்சையில் விஷம் இருக்கும் என்று பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள், நம்பிய மீதிப் பேர் பதறிப்போய் கல்லும் தடியுமாக இறங்கியிருப்பார்கள். மிரண்ட காளை நிலத்துக்குள்தான் ஓடும். ஏற்கெனவே ஏதாவது உள்ளே போயிருந்தால் ஓட்டமே அதைக் கொன்றுவிடும். அன்று நான் முதலில் செய்த வேலை வாயை மூடிக்கொண்டதுதான். எனக்கு அது சுலபமான வேலை இல்லை என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

இதை எப்படி வெளியே ஓட்டுவது என்றுதான் மனசு திரும்பத் திரும்பக் கேட்டது. அந்தக் கேள்விக்கு அந்த ஊரில் பதிலே கிடையாது. சட்டென்று வேறு மாதிரி கேட்கத் தோன்றியது.

"செல்லம்மா, இந்த மாடு எதுக்கு வரும்?"

அவள் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "பம்பை சத்தத்துக்கு வரும் ஐயா. ஆடி மாசம் கூழ் ஊத்தறப்போ பம்பைக்குப் பின்னாலயே கோயில் வரிக்கும் போவும். அங்க வெல்லம் போட்ட அரிசி வெப்பாங்கோ."

சொல்லி முடிப்பதற்குள் அவள் ஓட ஆரம்பித்துவிட்டாள். நானும் பின்னால் ஓடினேன். கோயில் திருவிழாவில் பம்பை மேளம் அடிக்கும் முனுசாமியின் வீடு கூப்பிடு தூரம்தான். மனிதர் முருங்கைக் கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கீரையைக் கீழே வைத்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஆடி மாசம்னா சொல்லு, அடிக்கறேன். சும்மா அடிக்கக் கூடாது செல்லம்மா. பம்பை அடிச்சா ஆத்தா எழுந்து வந்துடுவா. வந்து, இன்னாத்துக்குடா கூப்ட்டேன்னு கேட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் நைனா."

"இன்னா சொல்லுவே?"

"அவ வந்து கேக்கட்டும், அப்பால சொல்றேன். நீ எட்த்துகினு வா."

முனுசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் என்ன கண்டார் என்று எனக்குத் தெரியாது. எழுந்து உள்ளே போய் பம்பையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது காளை மூலையைத் தாண்டிவிட்டது. சோளத்துளிரைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு தின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. முனுசாமி வரப்பு மேல் நின்று குச்சியை ஓங்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"மெதுவா. ஓடக் கூடாது. நடந்து வரணும்."

"அது எனக்குத் தெரியும் ஐயா. ஊர்வலத்து அடி அடிக்கறேன்" என்றார்.

பம்பை முழங்கியது. வேகமே இல்லாத அடி. சாமி தெருத் தெருவாக நின்று நின்று வருமே, அந்த நடைக்கு ஏற்ற அடி. வரப்பிலிருந்த பெண்கள் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். காளை தலையை நிமிர்த்தியது. வாயில் பாதித் துளிர் தொங்கிக்கொண்டிருந்தது. காது இரண்டும் எங்கள் பக்கம் திரும்பின.

விலா எலும்பு தெரியப் பசித்த மாடு. காலடியில் பல மாதமாகக் காணாத பச்சை. அது வாயிலிருந்ததைக் கீழே விட்டது. திரும்பியது. ஓர் அடி, இன்னோர் அடி. பயிரை மிதித்துக்கொண்டு முனுசாமியை நோக்கி நடந்து வந்தது. அதன் கழுத்து மணியும் பம்பையும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் பெரிய பக்திமான் இல்லை. கோயிலுக்குப் போனால் பிரசாதத்துக்குத்தான் போவேன். ஆனால் அன்றைக்கு என் கைகளும் தானாகக் குவிந்தன. பசியைவிடப் பெரியதாக ஒன்று அந்த மிருகத்துக்குள் இருந்தது. அது வெல்ல அரிசியின் ஞாபகம்தான் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் அங்கே நின்றவன், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முனுசாமி முன்னால் நடந்தார், காளை பின்னால், அதற்குப் பின்னால் ஊர். மார்கழி பிறக்கும் முன்பே ஆடி மாத ஊர்வலம். கோயில் வாசலில் போய் நின்றதும் காளைக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது. மூச்சு புஸ்புஸ்ஸென்று இரைத்தது. வாயில் எச்சில் நூலாக ஒழுகியது. முன்னங்காலை மடித்து உட்கார்ந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ அழுதார்கள். செல்லம்மாள் அழவில்லை, பூசாரியிடமிருந்து வெல்லத்தை வாங்கித் தண்ணீரில் கரைத்தாள். நானும் ஏகாம்பரமும் மூங்கில் குழாயில் அதை எடுத்து மாட்டின் வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. யாரும் அதை எழுப்பக் கூடாது, தொடக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

வெயில் ஏறியது. இரைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. காளை ஒரு பெருமூச்சு விட்டது. தொண்டையில் ஓர் உருண்டை மேலே ஏறுவது தெரிந்தது. தாடை பக்கவாட்டில் அசைந்தது. அசைபோட ஆரம்பித்துவிட்டது.

மாட்டுக்காரர்களுக்கு இதற்கு மேல் ஒரு சேதி வேண்டாம். கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டது. நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. பயம் போனதும் ஊருக்குக் கோபம் வந்தது. ஆத்தா மாட்டையே சாய்க்கப் பார்த்த பயிர் ஊருக்குள் இருக்கக் கூடாது, பிடுங்கிக் கொளுத்த வேண்டும் என்றார்கள். ஏகாம்பரமும் அதையே சொன்னார். தரகனுக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார். செல்லம்மாள் என்னைப் பார்த்தாள். கொளுத்தினால் சோளம் மட்டும் போகாது. அவளுடைய மாடுகள் அதுவரை உயிரோடு இருந்ததற்குக் காரணமான பயறும் கொள்ளும் சேர்ந்து போகும்.

நான் ஏகாம்பரத்தைத் தனியாக அழைத்துப் போனேன். "அந்தக் காளை ஏன் பிழைச்சுது தெரியுமா? வெறும் வயித்தில சோளத்தைத் தின்னிருந்தா கோயில் வாசலுக்கு வந்திருக்காது. வயிறு நிறையப் பயறு இருந்தது. அதுக்கு மேல போனது நாலு வாய்த் துளிர். கெடுத்ததும் அதே நிலம், காப்பாத்தினதும் அதே நிலம். இதைக் கொளுத்தவா சொல்றீங்க?"

"அப்ப அந்தச் சோளத்த இன்னா பண்ண சொல்றீங்க?"

"எல்லாத்தையும் சேர்த்து அறுத்து வெயில்ல பரப்புவோம். மொறுமொறுன்னு காயட்டும். காய்ஞ்சா விஷம் இறங்கும். பயறோட கலந்து கொஞ்சம் கொஞ்சமா போடுவோம்."

"எறங்கலேன்னா?"

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னேன். இறங்கும் என்று படித்திருக்கிறேன், மேலதிகாரி சொல்லியிருக்கிறார், என் கண்ணால் பார்த்ததில்லை என்றேன். பின்னாளில் ஏகாம்பரம் என்னிடம் சொன்னார், நான் நிச்சயமாக இறங்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டாராம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் தெரிந்ததை நம்பினாராம். உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

அறுத்தோம். பாறைத் தரையில் பரப்பினோம். செல்லம்மாள் புரட்டிப் புரட்டிக் காயவைத்தாள். சோளம் போன இடத்தில் அடித்தூரோடு விட்ட கொள்ளு மறுபடி பனியைக் குடித்துத் தலை தூக்கியது. அதைப் பார்க்கவே நான் வேலை இல்லாத நாளிலும் சைக்கிளை அந்தப் பக்கம் விட்டேன்.

காய்ந்த தீவனம் இலையை நசுக்கினால் பொடியாகும் பக்குவத்துக்கு வந்த அன்று, முதல் கைப்பிடியை யாருக்குப் போடுவது என்ற பேச்சு வந்தது. மயிலைக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். செல்லம்மாள் ஒரு கைப்பிடி அள்ளி மயிலையின் முன்னால் வைத்தாள். இன்னொரு கைப்பிடி அள்ளினாள். சினையாக இருந்த செவலையின் முன்னால் வைத்தாள்.

"ஏம்மா, ஒண்ணு போதாதா?" என்றேன், பதறிப்போய்.

"ஒண்ணு சாப்ட்டு இன்னொண்ணு பாத்துகினு நிக்கறதா ஐயா? ரெண்டும் பசியாத்தான கீது."

ஏகாம்பரம் ஒரு பானையில் வெல்லத் தண்ணீரைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. மூன்று பேரும் மாட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. மத்தியானம் செவலை படுத்தது. என் உயிர் போய்விட்டது. அது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசைபோட்டது. ஏகாம்பரம் எழுந்து பானையில் இருந்த வெல்லத் தண்ணீரைத் தானே குடித்தார்.

"வேஸ்ட்டாப் போவுதுல்ல" என்றார்.

தரகன் பேசி வைத்தபடி ஒரு நாள் வந்தான். ஏகாம்பரம் அவனுக்கு மோர் கொடுத்து, மாடு இல்லை என்று சொல்லி அனுப்பினார். கொண்டு வந்த கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் திருநின்றவூர்ப் பக்கமாக நடந்து போனான். தை மாதம் செவலை கன்று போட்டது. தாயைப் போலவே செவலை நிறம். நான் போனபோது காய்ந்த தீவனப் போர் பாதி மீதி இருந்தது. கொட்டகையில் பயறு வாசனை. மழை பொய்த்த வருஷத்தில் ஒரு கன்றுக்குட்டி பாலைக் குடித்துவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தபோது என் வேலை என்னவென்று எனக்குப் புரிந்தது. அதுவரை சம்பளத்துக்காகச் செய்துகொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்த விதைப்புக்கு விதைக் கலவையோடு போனேன். இந்தத் தடவை ஊரில் பலர் கேட்டார்கள். செல்லம்மாள் நிலத்தில் நானே வீசப் போனேன். அவள் தடுத்தாள்.

"ஓரமா சோளம் போடாதீங்க ஐயா. பயறு மட்டும் போடுங்க. சுத்தியும்."

"எதுக்கும்மா?"

"முனுசாமி நைனாகிட்ட சொன்னேன் இல்ல, ஆத்தா வந்து கேட்டா நான் பதில் சொல்றேன்னு. இதான் அந்தப் பதிலு. அவ மாடு எந்தப் பக்கமா எறங்கினாலும் மொதல்ல நல்லதத்தான் துன்னணும். வயிறு நெறைஞ்சிட்டா உள்ள வராது. வந்தாலும் ஒண்ணும் ஆவாது."

நான் விதைக் கூடையைக் கீழே வைத்தேன். அந்த மூலையில் காளை எப்படி இறங்கியது, எதை முதலில் தின்றது, ஏன் பிழைத்தது என்று நான் பக்கம் பக்கமாக எழுதி மேலே அனுப்பியிருந்தேன். அவளும் நானும் பார்த்தது ஒன்றேதான். நான் அதை அறிக்கையாக ஆக்கினேன், அவள் நேர்த்திக்கடனாக ஆக்கினாள். அறிக்கை எந்த அலமாரியில் இருக்கிறதோ தெரியாது. நேர்த்திக்கடன் பக்கத்து நிலத்துக்குப் போனது, பக்கத்து ஊருக்குப் போனது. அண்ணனூர்ப் பக்கம்கூட ஒரு நிலத்தில் பார்த்தேன். அங்கே செல்லம்மாள் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. "சாமிக்கு உடறது" என்றார்கள். கேட்டபோது எனக்கு அன்றைக்குப் பம்பை முழங்கியபோது வந்த சிலிர்ப்பு அப்படியே திரும்ப வந்தது.

அந்த வெள்ளைக் காளைக்குப் பிறகு வேறு காளைகள் வந்துவிட்டன. சாமி மாடு மட்டும் இல்லை, கட்டறுத்துக்கொண்டு ஓடுகிற எந்த மாடும் ஓரத்தில்தானே முதலில் வாய் வைக்கும்.

ஆகவே, பெருமையாக வந்து குறை சொன்ன பிள்ளைக்கு: உங்கள் பேச்சைக் கேட்டு ஓரத்தை நிரப்பிய அந்த இரண்டு பேரின் சோளம் இப்போது முழங்கால் உயரம் இருக்கும். இந்த வருஷமும் ஐப்பசி மழையைக் காணோம். நேற்று சாயங்காலம் ஆவடிப் பக்கம் லேசாகத் தூறியதாகச் சொல்கிறார்கள். நாளைக் காலையிலேயே கிளம்பலாம், நானும் வருகிறேன். வழியில் முனுசாமியின் மகன் வீட்டில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவோம். பம்பை இப்போது அவரிடம் இருக்கிறது.